இனிப்பும் நுரையும்

கேள்வி: வீட்டில் நான் தயாரித்த தேன் மதுவில் துளியும் இனிப்பில்லை. இன்னும் கொஞ்சம் தேன் கலந்து புட்டியில் அடைத்தால் இனிப்பு, நுரை இரண்டும் கிடைக்குமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மதுவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் உயிரோடிருக்கும்வரை, இனிப்புக்காகச் சேர்க்கும் தேனையும் விட்டுவைக்காமல் கரியமில வாயுவாக்கிவிடும். அந்த வாயு வெளியேற வழியின்றிப் புட்டிக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணாடி வெடித்துச் சிதறும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தாலே ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு உண்டாகிறது. கனமான புட்டியில் அடைக்கப்படும் ஷாம்பெய்னுக்கே லிட்டருக்குச் சுமார் 24 கிராம்தான் சேர்க்கிறார்கள் என்றால், நாக்குக்கு நன்கு இனிக்கும் அளவு எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

எளிய வழி இதுதான்: மதுவின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் அளவு இரண்டு வாரங்கள் மாறாமல் நின்று, புளித்தல் முற்றிலும் முடிந்தபின், ஈஸ்ட் தின்ன முடியாத எரித்ரிட்டால் என்னும் இனிப்பூட்டி கொண்டு சுவைக்கேற்ப இனிப்பாக்கி, நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையை மட்டும் எடைபோட்டுக் கரைத்து, அழுத்தம் தாங்கும் புட்டிகளில் அடையுங்கள். மெல்லிய ஒயின் புட்டி கூடவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி வைத்தால், அது கல்லாக இறுகுவதைக் கைகளால் அழுத்திப் பார்த்தே வாயு ஏறியதை அறியலாம்.

தேனின் இனிப்பேதான் வேண்டுமென்றால், தெளிந்த மதுவில் பொட்டாசியம் சார்பேட், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்னும் இரு பதப்படுத்திகளையும் உரிய அளவில் சேர்த்துவிட்டுத் தேனைக் கலக்க வேண்டும். சார்பேட் ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. ஆகவே புளித்துக்கொண்டிருக்கும் மதுவில் அது பயன்படாது. இப்படி ஈஸ்டை அடக்கிய மது புட்டியில் தானாக நுரைக்காது என்பதால், அதைக் குளிரவைத்து, அழுத்தக் கலனில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை ஏற்றுவதே முறை.