தாடை நரம்புத் துளை எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. பற்களை எல்லாம் எடுத்து வெகுகாலம் ஆகிறது. கீழ் பல்செட் போட்டு மென்றால் ஒரே இடத்தில் சுரீரென்று வலிக்கிறது, உதடும் மரத்துப்போகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், நரம்புத் துளை மேலே வந்துவிட்டது என்கிறார். துளை நகருமா?

பதில்: துளை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மேலிருந்த எலும்பு கரைந்து அதன் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. மருத்துவர்கள் மென்டல் ஃபொராமென் என்று சொல்லும் இந்தத் துளை, கீழ்த்தாடையின் வெளிப்பக்கம், பெரும்பாலும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழேயோ, இரு முன்கடைவாய்ப் பற்களுக்கு இடையிலோ இருக்கும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகும் உணர்ச்சி நரம்பு இதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. கைக்குழந்தைக்கு இது தாடையின் கீழ்விளிம்பை ஒட்டி இருக்கும். பல் முளைத்துத் தாடை வளர்ந்தபின் நடு உயரத்துக்கு வரும். பல் போன முதியவருக்கு ஈற்று மேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

ஓபிஜி படத்தில் (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) கீழ்விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். வயதானாலும் அந்தத் தூரம் அவ்வளவாக மாறாது. கீழ்விளிம்பிலிருந்து துளையின் அடிவரை உள்ள அளவை மூன்றால் பெருக்கினால், பல் இருந்த காலத்துத் தாடை உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். படத்தில் 12 மி.மீ. என்றால் அன்று 36. இன்று 17 மட்டுமே இருந்தால், பாதிக்கு மேல் கரைந்துவிட்டது என்று பொருள்.

பல்செட்டைக் கழற்றிவிட்டு, வலிக்கும் இடத்தில் ஈற்றின் மேல் விரலால் மெல்ல அழுத்துங்கள். அதே சுரீர் வந்தால் இடம் அதுதான். மருத்துவர் செட்டின் உள்பக்கம் அழுத்தம் காட்டும் பசையைத் தடவி, பசை விலகிய இடத்தை மட்டும் குடைந்து நரம்புக்கு இடம் விடுவார். வீட்டில் அரம் வைத்துத் தேய்க்கவே வேண்டாம்; கண்ட இடத்தில் தேய்த்தால் செட் ஆட ஆரம்பிக்கும், புண் வேறு இடத்தில் வரும். செட்டைக் கழற்றிவைத்த பிறகும் மரப்பு நீடித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எலும்புத் தொற்றும் கட்டியும்கூட இப்படித்தான் தொடங்கும்.

கேள்வி: 5 வயது மகனுக்குக் கீழ்ப் பல்லில் சிகிச்சை. மரத்துப்போகும் ஊசியைப் பெரியவர்களுக்குப் போடுவதைவிடக் கீழே போட்டார்கள். சரியா?

பதில்: சரிதான். இது வேறொரு துளை. தாடையின் பின்கிளையில், உட்பக்கமாக, நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசல். பெரியவர்களுக்கு அது கடைவாய்ப் பற்களின் மெல்லும் பரப்புக்கு மேலே இருக்கும். சிறு குழந்தைகளுக்கு அந்தப் பரப்பின் மட்டத்திலோ, அதற்கும் கீழேயோ இருக்கும். ஓபிஜியில் மெல்லும் பரப்பை ஒட்டி ஒரு கோடு போட்டுப் பின்னால் நீட்டினால் இது தெளிவாகத் தெரியும். ஊசி போட்டபின் உணர்ச்சி திரும்பும்வரை, இரண்டு மூன்று மணி நேரம், பிள்ளை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன்கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெரிகிறது. பல்லில் சொத்தையும் இல்லை, வலியும் இல்லை. வேர் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். (பல் மருத்துவ மாணவி)

பதில்: முதலில் குளிர்ச் சோதனை செய்யுங்கள். பல்லுக்குக் கூச்சம் தெரிந்து, அது சட்டென்று அடங்கினால் பல் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, வேரைச் சுற்றி ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுங்கள். நுனியை விட்டு வட்டம் விலகினால் அது முதல் பதிலில் சொன்ன நரம்புத் துளை. நுனியோடு ஒட்டியே வந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். நல்ல பல்லைத் துளைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது, அதனால் இந்த மூன்றையும் பார்க்காமல் கருவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஓபிஜியில் துளைக்கு மேல் 14 மி.மீ. எலும்பு இருக்கிறது. 12 மி.மீ. இம்ப்ளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓபிஜி படம் உண்மை அளவைவிடப் பெரிதாகக் காட்டும். 5 மி.மீ. எஃகுக் குண்டை வாயில் வைத்துப் படம் எடுங்கள். குண்டு 6.25 என்று காட்டினால், உங்கள் 14 உண்மையில் 11.2 தான். நரம்புக்கு 2 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 9.2. பக்கவாட்டு அளவுக்கு இந்தக் கணக்கும் உதவாது. சிலருக்கு நரம்பு துளையைத் தாண்டி முன்னே போய் வளைந்து திரும்பும், ஓபிஜி அதைப் பல நேரம் காட்டாது. துளை அருகே இம்ப்ளான்ட் என்றால், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. எடுத்தே ஆக வேண்டும்.