தன்யூப் படகுப் பயணம்: விசா எந்த நாட்டில், அம்மாவின் முழங்காலுக்குச் சரிவருமா?

வணக்கம். தன்யூப் ஆற்றில், ஜெர்மனியின் பாசாவில் ஏறி வியன்னா, பிராத்திஸ்லாவா வழியாகப் புடாபெஸ்ட்டில் இறங்கும் 6 நாள் பயணத்துக்கு நான்கு விசா வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்குமே ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருப்பதால் ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் மெல்க், வியன்னா இரண்டும் ஆஸ்திரியாவில் இருப்பதால் அநேகமாக ஆஸ்திரியாதான். விமானம் ஜெர்மனியில் இறங்குவது பொருட்டில்லை. நாள்கள் சமமாக வந்தால் மட்டும் முதலில் நுழையும் நாடு.

எனக்குக் கவலை உங்கள் அம்மாவின் முழங்கால்தான். கூட்டமான துறைகளில் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பலின் வழியாக, சில சமயம் மேல்தளம் ஏறி இறங்கி நடக்க வேண்டியிருக்கும். என் மாமியார் அதில்தான் திணறிப்போனார். லிஃப்ட் இருந்தாலும் எல்லாத் தளத்துக்கும் போகாது. பதிவு செய்யும் முன்பே கேளுங்கள், நடுத்தள அறையாக எடுங்கள்.

அப்புறம், ஆகஸ்ட், செப்டம்பரில் ஆற்றில் நீர் குறைந்தால் சில இடங்களைப் பேருந்தில் கடக்க வைப்பார்கள். மே மாதம் கிடைத்தால் அதையே எடுங்கள். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கை அம்மா மேல்தளத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், ஓரடி நடக்க வேண்டாம்.