ஸ்லைடு முழுக்க எதற்கு இவ்வளவு பச்சை? ஒளிரும் ஆன்டிபாடி பற்றிக் கேள்வி பதில்

திசு ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஸ்லைடு போடுகிறேன். பிறந்தது, வளர்ந்தது, இப்போது வாடகை கொடுப்பது எல்லாம் ராயபுரம்தான். போன மாதம் தெருப் பிள்ளைகள் சிலர் பிடித்துக்கொண்டார்கள்: "அக்கா, இருட்டு ரூமில் உட்கார்ந்து என்னதான் பார்க்கிறீங்க?" ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியைப் பற்றிச் சொன்னேன். ஆன்டிபாடி என்றால், கிருமி மாதிரி வேண்டாத ஆளைத் தேடிப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதம். அது தெருத் தாண்டிப் போய், வாய்ஸ் மெசேஜிலும் துண்டுச் சீட்டிலும் கேள்விகளாகத் திரும்பி வந்தது. பதில்கள் இதோ.

காசிமேடு, படகில் போகும் தம்பி: சில ராத்திரி அலை உடையும்போது கடல் நீலமாக மின்னும். நீங்கள் பார்ப்பதும் அதேதானா அக்கா?

இல்லை தம்பி. கடலில் மின்னுவது பெரும்பாலும் நாக்டிலூகா என்கிற ஒற்றைச் செல் உயிரி. தண்ணீர் அசைந்தால் தன் உடம்புக்குள் ஒரு வேதிவினை நடத்தித் தானே வெளிச்சம் போடும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்களே, அது.

எங்கள் சாயம் தானாக மின்னாது. முதலில் அதற்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். தண்டல்காரர் ஒரு பங்கை முன்னாடியே பிடித்துக்கொண்டு மீதியைத்தானே கையில் கொடுப்பார்? அப்படி, வாங்கிய ஒளியில் கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பித் தரும். ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். எஃப்ஐடிசி என்ற சாயத்துக்கு 495 நானோமீட்டர் அளவில் நீல ஒளி கொடுத்தால் 520 பக்கத்தில் பச்சையாகத் தரும். நுண்ணோக்கியில் இருக்கும் ஃபில்டர் நீலத்தைத் தடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடும். பாரிமுனைக் கடைகளில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் காட்டும்போது எண்கள் பளிச்சென்று தெரிவதும் இதே சங்கதிதான்.

பெரம்பூர், பள்ளி ஆசிரியர்: ஆன்டிபாடியில் சாயத்தைக் கட்டலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருக்கு, சார். 1939-ல் பெர்லினில் இருந்தபோது அவருக்கு வாதக் காய்ச்சல் பற்றி ஒரு யோசனை. கிருமியின் துணுக்கு திசுவுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தால்? ஆன்டிபாடிதான் தன் ஆளைத் தேடிப் போய்ப் பிடிக்குமே, அதன் முதுகில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டால் போதாதா? ஹார்வர்டுக்குத் திரும்பி, வேதியியல்காரர்களோடு சேர்ந்து 1941-ல் செய்துகாட்டினார். முதலில் கட்டிய சாயம் ஆந்த்ரசீன் வகை, நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் திசுவே இயல்பில் கொஞ்சம் நீலமாக ஒளிரும். எது விளக்கு, எது திசு என்று பிரிக்க முடியவில்லை. அதனால்தான் பச்சைக்கு, அதாவது ஃப்ளோரசீனுக்கு மாறினார். இந்தத் தொல்லை முதல் நாளிலிருந்தே உண்டு என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

அவர் பயன்படுத்திய சாயத்தைத் தயாரிக்க ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வேண்டியிருந்தது. 1958-ல் எஃப்ஐடிசி வந்த பிறகுதான் ஆளாளுக்குக் கையில் எடுத்தார்கள். அது ஆன்டிபாடியில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓர் ஆன்டிபாடிக்குச் சில சாய மூலக்கூறுகள் போதும். நிறைய ஏற்றினால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும், பிடிக்கும் திறனும் கெடும்.

தண்டையார்பேட்டை, எம்.எஸ்சி. மாணவி: சுண்டெலி நுரையீரலில் ஒரு புரதத்தைத் தேடுகிறேன். ஸ்லைடு முழுக்கப் பச்சை. கைடு "திரும்பப் போடு" என்கிறார். ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டதா அக்கா?

கெட்டுப்போன ஆன்டிபாடி பெரும்பாலும் இருட்டைத்தான் தரும் மா. திரண்டுபோயிருந்தால் புள்ளி புள்ளியாகக் காட்டும். முழுக்கப் பச்சை என்றால் வேறு கதை. திரும்பப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: கன்ட்ரோல் ஸ்லைடு எங்கே?

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நுரையீரல் வெட்டில் இழை இழையாக அப்படி ஒரு அழகான பச்சை. படம் பிடித்து, பிரிண்ட் எடுத்து, பேராசிரியர் மேஜையில் வைத்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "ஆன்டிபாடி போடாத ஸ்லைடு எங்கம்மா?" என்றார். போட்டுப் பார்த்தேன். அதே இழை, அதே பச்சை! நுரையீரலில் இருக்கும் எலாஸ்டின் என்ற இழைப் புரதம் தானாகவே ஒளிரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரத்தச் சிவப்பணு, கொலாஜன், வயதான செல்லில் சேரும் லிப்போஃபசின், ஏன், திசு கெடாமல் ஊறப்போடும் ஃபார்மலினே கூட இந்த வேலையைச் செய்யும்.

அதனால் நான்கு ஸ்லைடு போடு. ஒன்றில் எதுவுமே வேண்டாம். உன் புரதத்தைப் பிடிப்பது முதல் ஆன்டிபாடி, அந்த முதல் ஆன்டிபாடியைப் பிடிப்பது சாயம் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி. இன்னொரு ஸ்லைடில் அந்த இரண்டாவது மட்டும். மூன்றாவது, அந்தப் புரதம் கிடையாது என்று நிச்சயமாகத் தெரிந்த திசு. நான்காவதுதான் உன் ஸ்லைடு. முதல் மூன்றிலும் இல்லாத பச்சை நான்காவதில் இருந்தால் மட்டும் அதை நம்பு.

அடுத்து, உன் முதல் ஆன்டிபாடி எந்த விலங்கில் தயாரித்தது? குப்பியில் பார். சுண்டெலியில் என்றால் பிரச்சினை அங்கேயே இருக்கலாம். நீ பார்ப்பது சுண்டெலித் திசு. அதற்குள் சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடிகள் ஏற்கெனவே நிறைய உண்டு. சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடியை மேலே ஊற்றினால், அது நீ போட்டதையும் பிடிக்கும், திசுவில் இருப்பதையும் பிடிக்கும். முயலில் செய்த ஆன்டிபாடிக்கு மாறு. இல்லையென்றால் சாயம் நேரடியாகக் கட்டியதை வாங்கு.

பிளாக்கிங், அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் முன்கூட்டியே திசுவை மூடிவைப்பது, செய்தாயா? இரண்டாவது ஆன்டிபாடி ஆட்டில் தயாரித்தது என்றால் ஆட்டு சீரம்தான் போட வேண்டும். அப்புறம் அளவு. அதிகம் ஊற்றினால் நன்றாகத் தெரியும் என்பது எல்லாப் புதுப் பிள்ளைகளும் செய்யும் தப்பு. 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 என்று வரிசையாக நீர்க்கச் செய்து போட்டுப் பார். ஏதோ ஓர் இடத்தில் பின்னணி விழுந்துவிடும், சிக்னல் நிற்கும். அதுதான் உன் அளவு. குப்பி பல ஆயிரம் ரூபாய் என்பதால் காசும் மிச்சம்.

கடைசியாகக் கேமரா. ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடு. இருட்டான கன்ட்ரோலை அது பாவம் பார்த்து வெளிச்சமாக்கும், நல்ல ஸ்லைடை மங்கலாக்கும். எல்லா ஸ்லைடுக்கும் ஒரே எக்ஸ்போஷர். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வியாசர்பாடி, ஃபுட்பால் ஆடும் பி.எஸ்சி. தம்பி: சாயத்தை நேராக முதல் ஆன்டிபாடியிலேயே கட்டினால் என்ன? எதற்கு இரண்டாவது?

வெளிச்சத்துக்குத்தான். ஒரு முதல் ஆன்டிபாடியின் மேல் பல இரண்டாவது ஆன்டிபாடிகள் உட்காரும், ஒளி பெருகும். ஒரே ஆட்டு ஆன்டிபாடியை வாங்கி வைத்தால், சுண்டெலியில் செய்த எந்த முதல் ஆன்டிபாடிக்கும் பயன்படும். ஆனால் இரண்டு புரதத்தை ஒரே ஸ்லைடில் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் சுண்டெலி ஆன்டிபாடிதான் என்றால் மாட்டிக்கொள்வாய். ரெண்டு டீமும் ஒரே ஜெர்சி போட்டு இறங்கினால் யார் கோல் அடித்தார் என்று எப்படிச் சொல்வது? ஒன்று சுண்டெலி, ஒன்று முயல் என்று எடு. அல்லது இரண்டையும் நேரடிச் சாயத்தோடு வாங்கு.

கொடுங்கையூர், ஓர் அம்மா: பையனைத் தெருநாய் கடித்துவிட்டது. நாய்க்கு வெறி இருக்கிறதா என்று இந்த ஒளிரும் முறையில் கண்டுபிடிக்கலாமாமே?

கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் நாய் செத்த பிறகு. மூளைத்தண்டு, சிறுமூளை ஆகியவற்றின் துண்டை ஸ்லைடில் ஒற்றி, ரேபிஸ் வைரஸுக்கு எதிரான ஒளிரும் ஆன்டிபாடியைப் போட்டால் ஆப்பிள் பச்சையில் புள்ளிகள் தெரியும். 1958-லிருந்து இருக்கிற சோதனை. இன்றும் விலங்குகளில் ரேபிஸை உறுதிப்படுத்த அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு அந்தப் பதில் வேண்டியதில்லை அம்மா. அதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். இன்றைக்கே ஸ்டான்லிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். பல் தோலைத் துளைத்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும், அதாவது தயார்நிலை ஆன்டிபாடியும், போடுவார்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் நிறுத்தாமல், டாக்டர் சொல்கிற எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

ஓட்டேரி, ஆட்டோ ஓட்டும் அண்ணன்: எனக்கு டிபி என்று சளியைப் பச்சை விளக்கில் பார்த்துச் சொன்னார்கள். அதுவும் ஆன்டிபாடியா?

இல்லை அண்ணே. அது ஆரமைன் என்ற வெறும் சாயம். டிபி கிருமியின் மெழுகுத் தோலில் ஒட்டிக்கொண்டு மஞ்சள் பச்சையாக ஒளிரும், ஆன்டிபாடிக்கு அங்கே வேலை இல்லை. மாத்திரையை மட்டும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

திருவொற்றியூர், 34 வயதுப் பெண்: மூட்டு வலிக்கு ஏஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன். "1:80 பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. நெட்டில் பார்த்தால் லூபஸ் என்கிறது. தூக்கமே இல்லை.

முதலில் நெட்டை மூடுங்கள். லூபஸ் என்பது உடம்பின் ஆன்டிபாடி தன் சொந்தச் செல்லையே தாக்கும் நோய். ஏஎன்ஏ என்பது சொந்தச் செல்லின் உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி. இந்தச் சோதனையில் உங்கள் ரத்த சீரம்தான் முதல் ஆன்டிபாடி. ஹெப்-2 என்ற மனிதச் செல்களை ஸ்லைடில் வளர்த்து, அதன் மேல் சீரத்தை விடுவார்கள். (ஹெப்-2 தொண்டைப் புற்றிலிருந்து வந்த செல் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு பார்த்தால் உள்ளே இருப்பது ஹீலா என்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல். அது தனிக் கதை.) செல்லின் உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் இருந்தால், சாயம் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடி அதைக் காட்டிக்கொடுக்கும். 1:80 என்றால், சீரத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்தும் ஒளிர்ந்தது என்று பொருள்.

இப்போது கவனியுங்கள். 1997-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், நோயே இல்லாதவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு 1:40-லும், 13 சதவீதம் பேருக்கு 1:80-லும், 5 சதவீதம் பேருக்கு 1:160-லும் பாசிட்டிவ் வந்தது. உங்கள் தெருவில் நூறு நல்ல ஆட்களை நிறுத்தினால் அதில் பத்துப் பேருக்கு மேல் உங்கள் ரிப்போர்ட்தான். லூபஸ் என்று சொல்ல வேறு அறிகுறிகளும் வேறு சோதனைகளும் சேர வேண்டும். மூட்டு மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அதில் பேட்டர்ன், அதாவது உட்கரு எந்த வடிவில் ஒளிர்ந்தது என்று எழுதியிருக்கும், அதையும் அவர் பார்ப்பார்.

வண்ணாரப்பேட்டை, வார்டில் வேலை செய்யும் தம்பி: தோல் பயாப்ஸியை ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவந்தால் உங்கள் ஆட்கள் ஏன் இப்படித் திட்டுகிறார்கள்?

திட்டுவது தப்புதான், ஆனால் காரணம் இருக்கிறது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடும். ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் மூடிப்போகும், பின்னணியும் ஒளிரும். இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு, அதாவது இந்த ஒளிரும் ஆன்டிபாடிச் சோதனைக்கு வரும் துண்டை மிஷெல் என்ற பாதுகாப்புத் திரவத்தில் தர வேண்டும். அது இல்லை, உடனே கொண்டுவந்துவிடலாம் என்றால் சலைன் போதும். சிறுநீரக பயாப்ஸிக்கும் இப்படித்தான். ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு தனியாக. நோயாளியை மறுபடி குத்துவதற்கு யாருக்கும் மனசு வராது தம்பி, கோபம் அதனால்தான்.

சரியாக வந்த துண்டில் என்ன தெரியும் தெரியுமா? பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயில் ஆன்டிபாடி தோல் செல்களுக்கு நடுவே படிந்திருக்கும். நுண்ணோக்கியில் அப்படியே காசிமேட்டில் காயப்போட்ட மீன்வலை. மருத்துவப் புத்தகங்களிலும் மீன்வலை என்றுதான் பெயர். இன்னொரு கொப்புள நோயான புல்லஸ் பெம்ஃபிகாய்டில் வலை இருக்காது, மேல்தோலின் அடியில் ஒரே கோடு ஓடும். வெளியே பார்த்தால் இரண்டும் கொப்புளம்தான்.

மூலக்கொத்தளம், எச்.ஐ.வி. தொற்றுள்ளோருடன் வேலை செய்பவர்: சிடி4 எண்ணுவதும் இதே முறையா?

ஆமாம், ஸ்லைடு மட்டும் இல்லை. சிடி4 என்பது எச்.ஐ.வி. அழிக்கும் வெள்ளணுக்களின் மேல் இருக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் சாயம் கட்டிய சிடி4 ஆன்டிபாடியைக் கலந்து, செல்களை ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிடுவார்கள். ஒளிர்ந்தால் ஓர் எண்ணிக்கை. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று பெயர். ஒரு மைக்ரோலிட்டரில் 200-க்குக் கீழே போனால் மற்ற தொற்றுகள் வரும் ஆபத்து கூடும். மருந்து தொடங்க இப்போது இந்த எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை.

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும். வேலூரில் அந்த ரத்த மாதிரிகளைச் சோதித்த எலைசா இதற்குப் பங்காளி முறை. ஆன்டிபாடியில் சாயத்துக்குப் பதிலாக நொதியைக் கட்டுவது.

எண்ணூர், ஆராய்ச்சி மாணவர்: கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஆன்டிபாடியை ஃப்ரீசரில் வைத்துவிடலாமா மேடம்?

பிஇ (ஃபைகோஎரித்ரின்), ஏபிசி (அல்லோஃபைகோசயனின்) சாயம் கட்டியதை மட்டும் உறையவிடாதீர்கள். அவை பாசியிலிருந்து எடுக்கிற பெரிய புரதங்கள், உறைந்தால் போச்சு. 4 டிகிரி, இருட்டு, குப்பியைச் சுற்றி அலுமினியத் தாள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரக் கரண்ட் கட்டைத் தாங்கும். ஆட்டோவில் கொண்டுவரும்போதும் குப்பி ஐஸ் பேக்கில் நேராகப் படாமல் நடுவில் துணி வையுங்கள்.

அதே மாணவர்: மிச்சமானதை சிங்க்கில் ஊற்றிவிடுகிறோம். பரவாயில்லையா?

குப்பியில் சோடியம் அசைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பூஞ்சை, பாக்டீரியா வராமல் இருக்கச் சேர்ப்பது. அளவு குறைவுதான், ஆனால் நச்சு. ஈயம், செம்புக் குழாயில் படிந்து வருடக்கணக்கில் சேர்ந்தால் வெடிக்கும் உப்பாக மாறும். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் எந்தக் குழாய் எதனால் ஆனது என்று யாருக்குத் தெரியும்? தனிக் கேனில் சேர்த்து, பெயர் எழுதி, ரசாயனக் கழிவோடு அனுப்புங்கள். உயிருள்ள செல்லில் போடப்போகிறீர்கள் என்றால் அசைடு இல்லாத குப்பியாகவே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் செல்லும் செத்துப்போகும்.