மழலை வயதின் மனக்காயம்: பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பெறும் சிகிச்சை – கேள்வி பதில்

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் ஒன்றாக அமர்த்திச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: என் கணவர் என்னை அடித்ததை மகன் பலமுறை பார்த்திருக்கிறான். பிரிந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. அவனுக்கு மூன்றரை வயது. “சின்னப் பிள்ளை, மறந்துவிடும்” என்கிறார் என் அம்மா. ஆனால் பக்கத்து வீட்டில் கதவை அறைந்து சாத்தினாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறான்.

பதில்: அவன் மறக்கவில்லை. பேச்சு முழுமையாக வராத வயதில் நடந்ததைப் பிள்ளையால் கதையாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சத்தம், ஒரு வாடை, உயரும் ஒரு குரல் ஆகியவற்றோடு அச்சம் பிணைந்து உடம்பில் தங்கிவிடுகிறது. தூக்கத்தில் அலறுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, தாயையே அடிப்பது ஆகியவையும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். இத்தகைய பிள்ளைகளுக்கென்றே சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன், பட்ரீசியா வான் ஹார்ன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார்கள். வீட்டில் வன்முறையைக் கண்ட, மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 75 பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும் பங்கேற்ற ஆய்வை 2005-இல் வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறையாக ஏறத்தாழ ஓராண்டு இந்தச் சிகிச்சையைப் பெற்ற பிள்ளைகளின் அச்ச அறிகுறிகளும் நடத்தைச் சிக்கல்களும், வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன.

கேள்வி: பாதிப்பு பிள்ளைக்குத்தானே? நான் ஏன் கூடவே உட்கார வேண்டும்?

பதில்: வாரத்தின் 168 மணி நேரத்தில் என்னோடு அவன் இருப்பது ஒரு மணி நேரம்தான், மீதி முழுவதும் உங்களோடு. முதலில் உங்களைத் தனியே சில முறை சந்தித்து, நடந்தது என்ன, அதை உங்களால் எவ்வளவு தூரம் பேச முடியும் என்று பார்ப்போம். அதன் பிறகே பிள்ளை வருவான். தரையில் பொம்மைக் குடும்பம், அடுப்புச் சாமான்கள், போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ், டாக்டர் பெட்டி ஆகியவை இருக்கும்; அவை வேண்டுமென்றே தேர்ந்து வைக்கப்பட்டவை. நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று: அப்பா பொம்மையை அம்மா பொம்மையின் மேல் மோதவிட்ட பிள்ளை, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஆம்புலன்சை மட்டும் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருப்பான். அந்த நேரத்தில் தாய் குனிந்து, “ஆமாம் கண்ணா, அப்பா என்னை அடித்தார். நீ ரொம்பப் பயந்துபோனாய். அது உன் தப்பில்லை. இப்போது நாம் பாட்டி வீட்டில் பத்திரமாக இருக்கிறோம்” என்று சொன்னால், ஆம்புலன்ஸ் நின்றுவிடும். இதே சொற்களை நான் சொன்னால் பாதி வேலைகூட நடக்காது. அம்மாவால் இதைக் கேட்கவும் தாங்கவும் முடிகிறது என்று அவன் கண்ணால் காண்பதுதான் இங்கே மருந்து.

கேள்வி: விபத்தில் எங்கள் மகள் இறந்துவிட்டாள். வண்டியில் இருந்த நான்கு வயதுப் பேரனிடம் “அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்” என்றே சொல்லி வருகிறோம். தாத்தா பாட்டியான நாங்கள் வரலாமா?

பதில்: அவசியம் வாருங்கள், ஐயா. இந்தச் சிகிச்சையில் பெற்றோர் என்பது பிள்ளையைத் தினமும் சோறூட்டித் தூங்க வைப்பவரைக் குறிக்கும். ஊருக்குப் போன அம்மா ஏன் போனில்கூடப் பேசவில்லை என்று பேரன் யோசிப்பான். தான் சேட்டை செய்ததால் கோபித்துக்கொண்டு போனாள் என்றே பல பிள்ளைகள் முடிவு கட்டுகிறார்கள். “சாமியிடம் தூங்குகிறாள்” என்பதும் வேண்டாம்; அதைக் கேட்ட பிள்ளை தூங்கவே அஞ்சக்கூடும். “அம்மா இறந்துவிட்டாள். இறந்தவர்களுக்கு மூச்சு இருக்காது, வலிக்காது, அவர்களால் திரும்பி வர முடியாது. நாங்கள் உன்னோடு இருக்கிறோம்” என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் அழுதால் தவறில்லை. அதே கேள்வியை அவன் மறுநாளும் கேட்பான். அதே பதிலைச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறுவயதில் அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியவன் நான். என் இரண்டு வயது மகள் விடாமல் அழும்போது என் கை தானாக ஓங்குகிறது.

பதில்: இதை எழுதவே துணிவு வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய குழந்தை மனநல நிபுணர் செல்மா ஃப்ரைபர்க் 1975-இல் ஒரு தாயைப் பற்றி எழுதினார். கையில் குழந்தை கதறும்போதும் அது காதில் விழாதவள் போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாய், தன் சொந்தப் பிள்ளைப்பருவத் துயரத்தை ஒருவர் பொறுமையாகக் கேட்ட பிறகே, குழந்தையை அணைத்துத் தேற்றத் தொடங்கினாள். அடி வாங்கியதை நினைவில் வைத்திருந்தும், அன்றைய அச்சத்தையும் வலியையும் உணராமல் மரத்துப்போனவர்களிடமே அது திரும்ப நிகழ்கிறது என்பது அவருடைய கருத்து. உங்களிடமும் அங்கிருந்தே தொடங்குவோம். அதுவரை கை ஓங்கும் கணத்தில் மகளைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, இரண்டு நிமிடம் விலகி நில்லுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இதற்கு எங்கே போவது?

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். “பிள்ளையோடு என்னையும் சேர்த்துப் பார்ப்பீர்களா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கணவர் இன்னும் அடிக்கிறார். மூவரும் சேர்ந்து வந்தால் மாறுவாரா?

பதில்: அடி தொடரும் வரை அவரோடு சேர்த்து அமர்த்த மாட்டேன், அம்மா. அறையில் பிள்ளை சொல்லும் ஒரு சொல்லுக்கு அன்றிரவு வீட்டில் நீங்கள் விலை கொடுக்க நேரிடும். முதலில் 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. அவர் இல்லாத நேரத்தில் பேசிவிட்டு, அழைத்த எண்ணைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, நம்பிக்கையானவர் வீட்டில் வைத்திருங்கள்.