'எல்லாத் தத்துவமும் பிடிக்கும்' என்று எழுதலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. தத்துவம் படித்தேன். பிஎச்.டி. விண்ணப்பத்தில் கல்விப் பின்னணி, ஆய்வு ஆர்வம் பற்றி 2 பக்கம் கேட்கிறார்கள். எப்படி எழுதுவது?
- வாசகர், காசிமேடு

பதில்: பி.காமை மறைக்க வேண்டாம். ஒரு வரியில் சொல்லிவிட்டு எம்.ஏ.வுக்கு வாருங்கள். படித்த தாள்களை அடுக்காதீர்கள், அவை மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆய்வேட்டில் எந்தக் கேள்வியை எடுத்தீர்கள், எங்கே சிக்கினீர்கள் என்று எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

சறுக்குவது ஆர்வப் பகுதியில்தான். 'அறிவாய்வியல், அறவியல், அத்வைதம்' என்று எழுதினால் யார் உங்களுக்கு நெறியாளர் ஆவது? துறையிலிருந்து சிக்கலுக்கு, சிக்கலிலிருந்து ஒரே கேள்விக்கு இறங்குங்கள். உங்கள் காசிமேட்டையே எடுத்துக்கொள்வோம். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை போடும் இடத்தைச் சொல்கிறாரே மீனவர், அது எத்தகைய அறிவு? 'இன்னது என்று அறிதல்', 'எப்படி என்று அறிதல்' என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949-இல் எழுதிய பிரிவினை அதற்குப் போதுமா? இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றான நியாயம் சொல்லும் நான்கு அளவைகளான (அறிவு பெறும் வழிகளான) காட்சி, கருதல் (அனுமானம்), உவமை, உரை (நம்பத்தகுந்தவர் சொல்) ஆகியவற்றுள் எதில் அது அடங்கும்? இரண்டையும் மோதவிடுங்கள், கேள்வி கிடைத்துவிடும். மீனவர்களைப் பேட்டி கண்டு தொகுப்பதோடு நின்றால் மட்டும் அது சமூகவியல் ஆகிவிடும். கருத்தைப் பகுத்து வாதிட வேண்டும்.

மூலநூல் மொழியையும் குறிப்பிடுங்கள். நியாயம் என்றதுமே 'சமஸ்கிருதம் தெரியுமா?' என்று நேர்முகத்தில் கேட்கக்கூடும். தெரியாதென்றால் மணிமேகலையின் 29-ஆம் காதையைப் பிடியுங்கள். பௌத்த அளவையியல் அங்கே தமிழிலேயே இருக்கிறது.