முன் சக்கர ஹப்: வாசகர் கேள்வி பதில்

வடகீழ்ப் பருவமழை நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லொக்கிங் ஹப் பற்றியவையாகவே இருந்தன. நான்கு சக்கர இயக்க வாகனத்தில் முன் சக்கரத்தை எக்சலோடு இணைக்கவும் (லொக்) விடுவிக்கவும் (ஃப்ரீ) உதவும் பாகம் அது. ஒரே விடயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிண்ணியா வாசகர்: இரண்டு ஹப்பையும் லொக்கில் வைத்தபடியே திருகோணமலை நகருக்கு ஓட்டி வரலாமா?

வரலாம். இரு சக்கர, நான்கு சக்கர இயக்கத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபர் நெம்பு இரு சக்கர இயக்கத்தில் இருக்கும்வரை, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் முன் டிஃபரென்ஷியலும் எக்சலும் சும்மா சுழலும். டீசல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். உலர்ந்த தார் வீதியில் நெம்பை நான்கு சக்கர இயக்கத்துக்குத் தள்ளுவதுதான் கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரம் வேறுபடுகிறது. அதைச் சமன்செய்ய இடையில் எதுவும் இல்லாத வாகனங்களில் அந்த இறுக்கம் முழுவதும் ஹப்பிலும் ஜொயின்ற்றிலும்தான் ஏறும்.

தம்பலகாமம் வாசகர்: ஒரு பக்க ஹப் உடைந்துவிட்டது. மற்றதை மட்டும் லொக் செய்து வயலில் இறங்கலாமா?

பயனில்லை. லொக் ஆகாத பக்கத்து எக்சல் வீணாகச் சுழலும். லொக் ஆன சக்கரத்துக்கு விசை போகாது. இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

நிலாவெளி வாசகர்: என் பழைய ஹைலக்ஸில் படகு இழுக்கிறேன். ஹப்பை லொக் செய்யத் திருப்பும் திருகி இறுகிவிட்டது. குறடு போட்டுத் திருப்பியதில் அதன் காது உடைந்தது. புதிதாக கிறீஸ் அடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே?

உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் காரணம் இருக்கிறது. ஹப்புக்குள் கிறீஸை அடைப்பது நம் பகுதிக் கராஜ்களில் ஊறிப்போன பழக்கம். கூடுதலாகப் போட்டால் கூடுதல் நாள் உழைக்கும் என்று நம்புகிறார்கள், வாகன உரிமையாளரும் நிறைவோடு காசு கொடுத்துவிட்டு வருகிறார். சக்கரப் பெயாரிங்கைத்தான் கெட்டியான கிறீஸால் நிரப்ப வேண்டும். ஹப்புக்குள் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று பல் வளையத்தைத் தள்ளி எக்சலோடு சேர்க்கிறது. அந்த வளையம் வழுக்கி ஓட ஒரு மெல்லிய பூச்சுப் போதும். அங்கே கெட்டிக் கிறீஸ் நிறைந்திருந்தால் வளையம் பாதி வழியிலேயே நின்றுவிடும். பாதிப் பல்லில் விசை ஏறும்போது பல் சிதையும். திருகி லொக் என்று காட்டும், உள்ளே பிடித்திருக்காது.

அதற்கு மேல் கடல்நீர் வேறு. பிரேக் பிடித்துச் சூடேறிய ஹப்பை அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீலின் ஓரத்தால் நீரை உள்ளே இழுக்கும். கவரைக் கழற்றியதும் கிறீஸ் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். உப்புநீரானால் சில வாரங்களிலேயே ஸ்பிரிங்கில் துரு ஏறிவிடும். ஆகவே கரைக்கு வந்ததும் கால் மணி நேரமாவது ஆறவிட்டு நீரில் இறக்குங்கள். வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவுங்கள். கடலில் இறங்கும் வாகனமானால் ஹப்பை வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கவரின் 6 போல்ட்டையும் கழற்றி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். பல்லின் ஓரம் உருண்டிருந்தால் அந்த ஹப்பைத் திரும்பப் பூட்டாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் மெல்லிய பூச்சும் புதிய கஸ்கட்டும் போட்டு, திருகியை ஃப்ரீ நிலையில் வைத்து, கவரின் உட்புற நாக்குகள் ஹப் உடலில் பல் இல்லாத இடங்களுக்கு நேராக வரும்படி பொருத்துங்கள். இதைக் கவனிக்காமல் போல்ட்டால் இறுக்கி உள்ளே தள்ளினால் நாக்கு உடையும். திருகியைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும். கைக்கு இறுக்கமாக இருந்தால் வாகனத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு மீண்டும் திருப்புங்கள். குறட்டைத் தொடாதீர்கள்.

மூதூர் வாசகர்: ஹப் பழுது. புதியது என்ன விலை?

எந்த வாகனம், எந்த வருடம், கையால் திருப்புவதா தானியங்கியா என்று எதையும் எழுதாமல் விலை மட்டும் கேட்டால் எவரால் சொல்ல முடியும்? கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைக்காரரும் உங்களிடம் முதலில் இதைத்தான் கேட்பார். எக்சல் முனையில் எத்தனை பல், ஹப்பில் எத்தனை போல்ட் என்று எண்ணி எழுதுங்கள். பாவித்ததை வாங்குவதானால் பழைய ஹப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே கவரைத் திறந்து பல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே அடித்த பெயின்ற்றைப் பார்த்து வாங்காதீர்கள்.

கந்தளாய் வாசகர்: தானியங்கி ஹப் சரிவில் இறங்கும்போது டக் டக் என்கிறது. கையால் திருப்பும் ஹப் போடலாமா?

போடுங்கள். இயந்திரத்தின் பிடியில் இறங்கும்போது விசையின் திசை மாறுவதால், தேய்ந்த தானியங்கி ஹப் விட்டுவிட்டுப் பிடிக்கும். பிடிமானம் மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது கைவிடுகிறது. சில வாகனங்களில் பெயாரிங் நட்டுப் பூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதற்குரிய முழுத் தொகுதியாகவே வாங்குங்கள். மாற்றும்வரை, நெம்பை இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றியபின் ஓரிரு மீற்றர் நேராகப் பின்னோக்கி ஓட்டினால்தான் அது விடுபடும் என்பதை மறக்க வேண்டாம்.

வெருகல் வாசகர்: லேண்ட் குரூசர் 70. ஹப்பிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. கஸ்கட்டை இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை.

மூன்றாவது தடவை மாற்றினாலும் நிற்காது. ஹப்பில் கிறீஸ்தான் இருக்கிறது, எண்ணெய் இல்லை. டிஃபரென்ஷியல் எண்ணெய் உட்புற எக்சல் சீலைத் தாண்டி, சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் முட்டியான நக்கிளில் உள்ள கிறீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சீலை மாற்றி, நக்கிளைக் கழுவிப் புதிய கிறீஸ் போடுங்கள். எக்சலின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளழுத்தம் கூடிப் புதிய சீலும் ஒழுகும்.

உப்புவெளி வாசகர்: நான்கு சக்கர இயக்கம் வருடத்தில் ஓரிரு தடவைதான் தேவைப்படுகிறது. மற்ற நாட்களில் ஹப்பை அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. மாதம் ஒரு தடவை இரண்டு பக்கத்தையும் லொக் செய்து, மணல் அல்லது கிறவல் பாதையில் நான்கு சக்கர இயக்கத்தில் சுமார் 15 கிலோமீற்றர் ஓட்டுங்கள். முன் எக்சலின் பாகங்களுக்கு எண்ணெய் எட்டும், திருகியும் இறுகாது. உலர்ந்த தாரில் வேண்டாம் என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

குச்சவெளி வாசகர்: நட்டைக் கழற்றியும் ஹப் வரவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா?

ஹப்பை அடிக்காதீர்கள். ஸ்டட்டைச் சுற்றிக் கூம்பு வாஷர்கள் இறுகியிருக்கும். நட்டை ஸ்டட்டின் முனை வரை திரும்பப் பூட்டி, அதன் மேல் பித்தளைத் துண்டு வைத்து ஓங்கித் தட்டினால் வாஷர் தானாகத் துள்ளி வரும். எக்சல் முனையிலுள்ள வளையக் கிளிப்பையும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். ஹப் கையில் இருக்கும்போதே சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பெயாரிங் ஆட்டத்தைச் சோதியுங்கள். ஆட்டம் இருந்தால் புதிய ஹப்பும் விரைவில் போய்விடும். திரும்பப் பூட்டும்போது ஹைலக்ஸுக்கு நட்டை ஏறத்தாழ 30 நியூற்றன் மீற்றரும் கவர் போல்ட்டை 10 நியூற்றன் மீற்றரும் இறுக்கினால் போதும்.