காகித உறை ஏன்?

கேள்வி: காவலர் பயிற்சியில் இருக்கிறேன். ரத்தக்கறை படிந்த துணியைக் காகித உறையில் போடச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பைதானே பாதுகாப்பு?

பதில்: இல்லை. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், மரபணு சிதையும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைப்பதே முறை. தடய அறிவியல் கூடத்தில் 30 ஆண்டுகள் இருந்தவன் நான். ஒருமுறை பிளாஸ்டிக்கில் வந்த சட்டையைப் பிரித்தபோது, கறை முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சை பூத்திருந்தது. இறந்தவருக்காகப் பேச வேறு சாட்சி இல்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

உறையின் மேல் எழுதுவதிலும் கவனம் வையுங்கள். எடுத்தவர் யார், எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் ஒப்படைத்தார்? கைமாறியவர்களில் ஒருவர் பெயர் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் பிடிப்பார். பிழையாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை பூசவே கூடாது.